பறக்கத் தெரிந்தும் பறக்க மறுக்கும் உங்கள் தங்கை

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும் ஓய்வுபெற்ற பஸ் டிப்போ மேனேஜருமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், தங்கள் நலமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பெரியவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. இந்த வீட்டில் தங்கள் தங்கை மட்டுமே நலம். அதுவும் சும்மா நலம் இல்லை, டாக்டர் கண்ணையும் காதையும் நெஞ்சையும் சோதித்து, விமானம் ஓட்டத் தகுதியானவர் என்று முத்திரை குத்திக் கொடுத்த நலம். நான் எந்த முத்திரையும் இல்லாமல் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த விபரீதத்துக்கு விதை போட்டது தாங்கள்தான் என்பதை முதலில் மரியாதையுடன் நினைவூட்டுகிறேன். போன தடவை இங்கே வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்து, "ஆஸ்பத்திரி மருந்தகத்துல அத்தன வருஷம் நின்னவ, இப்ப ரிட்டையர் ஆகி சும்மா இருக்கா. ஏதாவது புதுசா கத்துக்கட்டுமே" என்று சொன்னீர்கள். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். தையல் கற்றுக்கொள்வாள் என்று நினைத்தேன், மிஞ்சிப்போனால் கம்ப்யூட்டர். அவள் நேரே ஊருக்கு வெளியே இருக்கும் பறக்கும் பயிற்சிக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு வந்து, அரிசி களைந்துகொண்டே அந்தச் செய்தியைச் சொன்னாள். வயசைக் கேட்டு அவர்களே துரத்திவிடுவார்கள் என்று நானும் கம்மென்று இருந்தேன். துரத்தவில்லை. நம் மகள் வயசில் இருக்கும் ஒரு பெண்தான் அங்கே பயிற்சியாளர். அந்தப் பெண் உங்கள் தங்கையை "மேடம்" என்கிறது, உங்கள் தங்கை அந்தப் பெண்ணை "கேப்டன்" என்கிறாள். ஒருவருக்கொருவர் மரியாதை செய்தே மேலே ஏறிப்போகிறார்கள்.

பறக்கக் கற்றுக்கொள்வது என்றால் பறப்பது என்றுதானே, மச்சான், உங்களையும் என்னையும் போன்றவர்கள் நினைப்போம்? இல்லையாம். பறப்பதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கால்வாசிப் படிப்பாம். காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரம், விமானத்தின் காகிதங்கள் காலாவதி ஆகிவிட்டனவா, பெட்ரோல் எவ்வளவு, அது போதாமல் போனால் எங்கே இறங்குவது என்று சமையலறை மேசை முழுவதும் வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். நான் ரசம் ஊற்றிக்கொள்ள இடம் கேட்டால், "அந்த ஏரி மேல வெச்சுக்குங்க, அங்க நான் இறங்க மாட்டேன்" என்கிறாள். மாத்திரை அட்டையில் தேதி பார்க்காமல் ஒரு காய்ச்சல்காரனுக்குக்கூட மருந்து கொடுக்காதவள். அப்படிப்பட்டவளிடம் போய் சந்தேகப்படுவதையே ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்தக் கழகத்துக்காரர்கள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா?

இப்போது கடைத்தெருவுக்குப் போவதாக இருந்தாலும் காரைச் சுற்றி வருகிறாள். நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்க்கிறாள், குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள், எதிர்வீட்டுப் பல் டாக்டர் மாடியிலிருந்து காபியோடு இதை வேடிக்கை பார்க்கிறார். அது போகட்டும் என்று விட்டால், வண்டியைப் பார்த்து முடித்த கையோடு என்னையும் சோதிக்க ஆரம்பித்துவிட்டாள். "உடம்பு எப்படி இருக்கு? மாத்திர ஏதும் போட்டீங்களா? நல்லாத் தூங்கினீங்களா? பசியா? மனசுல ஏதாவது கவல?" என்று கேட்டாள். பைலட் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளாம். கணவன் மேல் அக்கறை என்று நினைத்து நெகிழ்ந்துபோய், "கவல ஒண்ணுதான், அது நீதான்" என்று சொன்னேன். "அப்படின்னா நீங்க இன்னைக்கு ஓட்டத் தகுதியில்ல, சாவியக் குடுங்க" என்று கையை நீட்டிவிட்டாள். என் சொந்தக் காரில், ஓட்டும் உரிமையை இழந்து, காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துபோனேன்.

நான் யார் என்பது தங்களுக்குத் தெரியும். நான் அந்த நாற்காலியில் இருந்தவரை எங்கள் டிப்போவில் ஒரு ட்ரிப் ரத்தானதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று வந்து நின்ற டிரைவரை, "மெதுவாப் போப்பா, பிரேக்குக்கு வேலையே வராது" என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஹாரன் அடிக்காத வண்டிக்கு நல்ல குரல்வளம் உள்ள கண்டக்டராகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். டீசல் டாங்கில் ஒருமுறை தவளையே வந்தது. தவளையை எடுத்துவிட்டு வண்டியை எடுத்தோம். வண்டி கிளம்ப வேண்டும், அதுதான் எங்கள் வேதம். அப்படி வாழ்ந்தவன் வீட்டில், கிளம்பாமல் இருப்பதற்குக் காரணம் தேடுவதையே கல்வி என்று சொல்லும் ஒருத்தி இருந்தால் குடும்பம் எப்படி உருப்படும்?

இருந்தாலும் அவள் லைசென்ஸ் வாங்கிய அன்று எனக்கும் பெருமைதான். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தப் பெருமையில்தான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நம் சம்பந்தி வக்கீல் இருக்கிறாரே, மகளின் மாமனார், அவருக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வக்கீல்கள் எல்லாம் கூடி ஒரு பாராட்டு விழா வைத்திருந்தார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு காரில் போனால் இடுப்பு கழன்றுவிடும் என்று அவர் புலம்பினார். நான் உடனே, "காரு எதுக்கு சம்பந்தி? நம்ம வீட்டுலயே பைலட் இருக்கறப்போ! காலைல காபி குடிச்சிட்டு ஏறினா, மேடையில போய் எறங்கலாம்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை பக்கத்திலேயே நின்றாள். "வானிலையும் விமானமும் சரியா இருந்தா போகலாம். இல்லேன்னா இல்ல. எதுக்கும் கார் ஒண்ணு சொல்லி வெச்சுக்குங்க" என்றாள். இதை ஒரு வீட்டுப் பெண்ணின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அன்று காலை விமானக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தி கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, டையில் பட்டாணி அளவு கல் வைத்த ஒரு பின், கையில் ஒரு பெட்டி என்று மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். அங்கே உங்கள் தங்கை எடை பார்க்கும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து வைத்தாள். நான் முந்தின நாளே என் எடையைச் சொல்லியிருந்தேன். ஒரு மனிதன் தன் எடையை எப்படிச் சொல்வானோ அப்படித்தான் சொல்லியிருந்தேன். இயந்திரம் வேறு மாதிரி சொன்னது. "இத்தன கிலோவ இத்தன நாளா எங்க மறைச்சு வெச்சிருந்தீங்க?" என்று பயிற்சியாளர் பெண்ணின் முன்னாலேயே கேட்டாள். சம்பந்தி உஷாராகி, "எடையச் சொல்ல எனக்குச் சட்டப்படி கட்டாயம் ஏதும் உண்டா சம்பந்தியம்மா?" என்றார். "கீழ இருக்கறவரைக்கும் இல்ல சம்பந்தி, மேல போகணும்னா உண்டு" என்றாள். அவரும் ஏறினார். பெட்டியும் ஏறியது. பெட்டிக்குள் அவர் தாம் எழுதிய சட்டப் புத்தகத்தின் பிரதிகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார், விழாவில் எல்லோருக்கும் கொடுப்பதற்காக. அவள் கணக்குப் போட்டாள். மொத்த எடை அதிகம், போதாததற்கு பாரம் எல்லாம் பின்னால் சேர்ந்தால் வால் தாழ்ந்துவிடுமாம், மூக்கை இறக்கவே முடியாதாம். ஆகவே புத்தகங்கள் தரையிலேயே தங்கும், சம்பந்தி முன் சீட்டு, நான் பின் சீட்டு என்று தீர்ப்பாயிற்று. பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துத் தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன், மச்சான். பின் சீட்டில் யார் சட்டையைப் பார்க்கப்போகிறார்கள்?

அப்புறம் சுற்றி வர ஆரம்பித்தாள். இறக்கைக்கு அடியில் இருக்கும் ஒரு திருகை அமுக்கி, மருந்தகத்தில் இருமல் மருந்து அளப்பதைப் போல, கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் முத்து மாதிரி இரண்டு மூன்று தண்ணீர்த் துளி. "ராத்திரி பனியில டாங்குக்குள்ள வேர்த்திருக்கு" என்று சொல்லிக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள், மறுபடி பார்த்தாள், துளி போகிறவரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் தவளைக் கதையைச் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுவில் சம்பந்தி, "சம்பந்தியம்மா, ஜன்னலத் திறந்துக்கலாமா, எனக்குக் காத்து வேணும்" என்று ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லிவிட்டு அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியதுதானே? மாட்டாளாம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துக் கவனம் கலைந்தால் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டுமாம். திரும்பக் கதவுப் பக்கம் போய் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

இடது இறக்கைக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஓட்டைக்குள் காற்று புகுந்துதான் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று உள்ளே முள் காட்டுமாம். ராத்திரி அதற்கு ஒரு உறை போட்டு வைக்க வேண்டும். முந்தின நாள் ஓட்டியவர் யாரோ போடாமல் போய்விட்டார். உங்கள் தங்கை குனிந்து ஓட்டையைப் பார்த்தாள். இன்னும் குனிந்தாள். "உள்ள மண்ணு மாதிரி இருக்கு. குளவி கூடு கட்டியிருக்குன்னு நினைக்கிறேன். யாரும் தொடாதீங்க, மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையின் அந்தக் கோடிக்கு நடந்தாள்.

சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒரு குளவிக்காகவா?" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் என் வீட்டு மானம் மொத்தமும் தொங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு டிப்போவையே கட்டி ஆண்டவன், ஒரு பூச்சி வைத்த மண்ணுக்கு மெக்கானிக் வருகிறவரை கைகட்டி நிற்பதா? "அந்த டை பின்ன இப்படிக் குடுங்க" என்றேன். குத்தி ஒரு திருகு திருகினேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மீதியையும் எடுத்துவிடலாமே என்று கொஞ்சம் அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். கல் பதித்த தலை என் விரலிடுக்கில் இருந்தது, ஊசி மிச்ச மண்ணையும் தள்ளிக்கொண்டு ஆழமாக உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, ஓட்டை பளிச்சென்று இருந்தது. சம்பந்தியைப் பார்த்தேன். அவர் வக்கீல் அல்லவா, தலையைத் திருப்பி ஓடுபாதையை ரசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மெக்கானிக் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, "மண்ணு ஒண்ணும் காணோமே மேடம், சுத்தமாத்தான் தெரியுது" என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். சம்பந்தியும், "அப்ப ஏறிடலாமா?" என்று ஒரு காலைத் தூக்கினார். உங்கள் தங்கை அசையவில்லை. "நான் பாத்தப்ப மண்ணு இருந்துச்சு. இப்ப இல்ல. அது எங்க போச்சுன்னு தெரியாம நான் ஏற மாட்டேன்" என்றாள். பிறகு மறுபடியும் கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். சக்கரம், குப்பி, இறக்கை, இறக்கையின் ஓரத்தில் ஆடும் தகடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அந்தக் குழாய்க்கு வந்தாள். கீழே தரையைப் பார்த்தாள். உதிர்ந்த மண் சின்னக் குவியலாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. சம்பந்தியின் டை எழும்பிப் போய் அவர் தோளின் மேல் விழுந்தது, அவர் இழுத்து விட்டார், மறுபடி எழும்பி முகத்தில் அடித்தது.

"சம்பந்தி, உங்க டை பின் எங்க?" என்று கேட்டாள்.

"இந்தக் கேள்விக்கு இப்ப பதில் சொல்ல விரும்பல" என்றார் சம்பந்தி, டைக்கு உள்ளேயிருந்து.

அவள் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். கார் சாவிக்கு நீட்டுவது போலத்தான் நீட்டினாள். நான் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் சக்கரத்துப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மேல ஏற ஏற முள்ளு பொய் சொல்லியிருக்கும். வேகம் கூடிட்டே போறதா காட்டியிருக்கும். நான் அத நம்பி மூக்கத் தூக்கியிருப்பேன். வேகம் செத்துப்போய் விழுந்திருப்போம்" என்று மெதுவாகச் சொன்னாள். "உங்க ரெண்டு பேரையும்... நம்ம மூணு பேரையும்" என்று திருத்தினாள். நான் புதுச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டேன். வெயில் ஏறியிருந்ததால் இருக்கும்.

பிறகு எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, "இன்னைக்கு இல்ல" என்று சொன்னாள். அவ்வளவுதான். மெக்கானிக் அந்தக் குழாயைக் கழற்றி, பின்னால் இருக்கும் இணைப்பையும் கழற்றித்தான் ஊசியை எடுக்க முடிந்தது. அந்த ஊசியைக் கழகத்துக்காரர்கள் அட்டையில் ஒட்டிப் பலகையில் மாட்டியிருக்கிறார்களாம், கீழே "பயணியின் உதவி" என்று எழுதி. சம்பந்தி அடித்துப்பிடித்துக் காரில் கிளம்பினார். அவள் சொல்லி வைக்கச் சொன்ன கார் இல்லை, அதைத்தான் நாங்கள் சிரித்துவிட்டோமே, கழகத்துச் சமையல்காரரின் கார். போய்ச் சேர்ந்தபோது நன்றியுரை முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்களாம். கேடயத்தை வாசலில் வைத்துக் கொடுத்தார்களாம்.

சரி, சம்பந்தி சண்டைக்கு வருவார், மகளின் வாழ்க்கையில் மண் விழுந்தது, அதைக் காட்டியாவது இவளை வழிக்குக் கொண்டுவரலாம் என்று நான் காத்திருந்தேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்களை மறுபடி உட்காரவைத்து, தன் உயிரைக் காப்பாற்றிய சம்பந்தியம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருக்கிறார். தானும் ஓட்டையைச் சுத்தம் செய்ததில் கூட்டாளி என்பதை மட்டும் லாவகமாக விட்டுவிட்டார். இப்போது தினமும் போன் செய்து, "கேப்டன் இருக்காங்களா?" என்று கேட்கிறார். நான் எடுத்தால், "நீங்களா" என்கிறார். மகளும் பேசுவதில்லை. பேசினாலும், "அப்பா, டை பின் எப்படி இருக்கு?" என்கிறாள். என் வீட்டில் என் கட்சியில் நான் ஒருவன்தான் மிச்சம்.

ஆகவே மச்சான், தங்களை ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சின்ன வயசிலிருந்து தங்கள் பேச்சுக்கு மட்டும்தான் அவள் கட்டுப்படுவாள். உடனே புறப்பட்டு வந்து, "போதும்மா, பறந்தது போதும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பயமா என்று கேட்பீர்கள். எனக்கு என்ன பயம்? அவள் அத்தனை தடவை சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைப் பார்க்கிறபோதுதான் மேலே இவ்வளவு ஆபத்து இருக்கிறதா என்று தோன்றுகிறது. பார்க்காமல் ஏறிப் போய்விட்டால் மனிதன் நிம்மதியாக இருப்பான். நான் அத்தனை வருஷம் நிம்மதியாகத்தானே இருந்தேன்?

அவளுடைய அண்ணியின் முழங்கால் வலி குறைய வேண்டும், தங்கள் ரத்த அழுத்தம் இறங்க வேண்டும், பேரப்பிள்ளைகள் மதிப்பெண் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பெரியவர்களுக்கு வணக்கத்தையும் சின்னவர்களுக்கு ஆசியையும் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கும்,
தங்கை கணவன்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட எடுத்துக்கொண்டு கிளம்பியவனை, "அப்படியே வண்டியில ஏறுங்க" என்று அவள் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. விமானத்தைச் சரிசெய்து முடித்துப் பயிற்சியாளர் பெண் ஓட்டிப் பார்த்தும் ஆயிற்றாம். இன்று நான் போனேன், மச்சான். முன் சீட்டில். ஆற்றைப் பார்த்தேன், மலையின் தோளைப் பார்த்தேன், எங்கள் டிப்போவின் தகரக் கூரையையும் அதிலிருந்து வரிசையாகக் கிளம்பும் பஸ்களையும் பார்த்தேன். ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளும் ஆட்கள் நிறைய இருப்பார்கள். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், பிரேக் பிடிக்காமல் நான் தட்டிக்கொடுத்து அனுப்பிய வண்டிகளை எண்ண ஆரம்பித்தேன். "என்ன, தலை சுத்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மேலே எழுதியதையெல்லாம் படித்த கையோடு கிழித்துவிடுங்கள். அவளைத் தடுக்க வர வேண்டாம். நாங்களே வருகிற சனிக்கிழமை தங்கள் ஊர்ப் பக்கத்து ஓடுபாதையில் வந்து இறங்குவதாக இருக்கிறோம், அண்ணியிடம் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வையுங்கள். வந்து சேரவில்லை என்றால் பதற வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். அவள் இன்று இல்லை என்று சொல்லியிருப்பாள். நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்.